பத்துக்கு எட்டு அறையில் ஒரு யார்டு



போன மாதம் பேரனோடு நான் நிற்கும் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். பேரன் எப்படி வளர்ந்துவிட்டான் என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் சுவரில் தெரிந்த பலகையைத்தான் எல்லோரும் கேட்டார்கள். "சார், அது என்ன, ரயிலா?" என்று ஒருவன். "வாத்தியார் கடைசியில் பொம்மை வாங்கி விளையாட ஆரம்பிச்சுட்டார்" என்று இன்னொருவன் (அவன் ஏழாம் வகுப்பில் எங்கே உட்காருவான் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது). மைத்துனர் மட்டும் அக்கறையாக, "இடமே இல்லாத வீட்டில் இவ்வளவு பெரிய ரயில் எதற்கு? இதைவிடச் சின்னதாகக் கிடைக்குமே" என்று எழுதியிருந்தார்.

அவருடைய கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

மைத்துனர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அறை சின்னது என்றால் ரயிலும் சின்னதாக இருக்க வேண்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் முதலில் இறங்கினேன், நன்றாகப் பட்டேன். இப்போது என் கருத்து நேர் எதிர். இடம் குறைவாக இருக்கிறவர்கள் ரயிலைச் சிறிதாக்கக் கூடாது. ஊரைத்தான் சிறிதாக்க வேண்டும்.

முதலில் பட்ட கதை.

பணி ஓய்வுக்கு அடுத்த வருடம், பெண் கல்யாணமாகிப் போனதால் காலியான அறை கிடைத்தது. பத்தடிக்கு எட்டடி. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ. மிச்ச இடத்தில் ரயில் விடலாம் என்று ஆசை வந்தது. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருக்கிற ஸ்கேல் எச்.ஓ. என்பார்கள். அதாவது 1:87. நிஜ ரயிலில் 87 சென்டிமீட்டர் இருப்பது மாதிரியில் 1 சென்டிமீட்டர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 2001-இல் தொடங்கி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிற மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இந்த ஸ்கேல்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998 ஏப்ரல் 1-இல் திறந்த சிறு ரயில் அருங்காட்சியகமும் இதே 1:87 தான். இவற்றையெல்லாம் வீடியோவில் பார்த்துவிட்டு, எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஒன்றை வாங்கி வந்தேன். முட்டுக்கால் போட்டு அறையின் எட்டடிச் சுவரை ஒட்டி நிறுத்தினேன்.

என்னவெல்லாம் வைக்க நினைத்தேன் தெரியுமா? திருத்தணி ஸ்டேஷன். மலை. மலைமேல் கோயில். கீழே அரக்கோணம் போகிற பாதை, அந்தப் பக்கம் ரேணிகுண்டா போகிற பாதை. சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஒன்று, மின்சார ரயில் ஒன்று. நந்தி ஆற்றுப் பாலத்தையும் விடவில்லை.

பேரன் தெர்மகோல் மலையைப் பார்த்ததும் கேட்டது, "தாத்தா, 365 படி வைப்பீங்களா?" சரி, கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு படி அரையடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 365 படிக்கு ஏறக்குறைய 55 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 63 சென்டிமீட்டர். இரண்டு அடிக்கு மேலே மலை, ஒவ்வொரு படியும் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. முடியாது. 40 படி வைத்தேன். வீட்டம்மா காபி கொண்டு வந்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "வருஷத்துக்கு ஒரு படின்னா முருகன் கணக்கு. அதுல போய் நீங்க தள்ளுபடி பண்றீங்களே" என்றார். டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கு ஒரு வருடம் விடாமல் ஏறுகிறவர் அவர். வருஷத்துக்கு இல்லை, நாளுக்கு ஒரு படி என்று திருத்தினேன். அதற்கும் முறைத்தார்.

படியை விடுங்கள். பாதையைப் பாருங்கள். திருத்தணியிலிருந்து அரக்கோணம் சுமார் 13 கிலோமீட்டர். எச்.ஓ.வில் அது 149 மீட்டர். இன்னும் சின்ன ஸ்கேலான 'என்'னுக்குப் போனாலும், அதாவது 1:160, 81 மீட்டர். என் அறை 3 மீட்டர். ஆக எந்த ஸ்கேலிலும் ஊர் அறைக்குள் வராது. 149 மீட்டரும் வராது, 81 மீட்டரும் வராது. அப்படியிருக்க, ஊரை உள்ளே கொண்டுவருவதற்காக ஸ்கேலைக் குறைப்பதில் என்ன லாபம்? 34 வருடம் விகிதக் கணக்கு நடத்திய எனக்கு இது பலகையை வாங்குவதற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்தது வளைவு. பலகையில் ரயில் சுற்றி வர வேண்டும் என்றால் இரண்டு முனையிலும் அரைவட்டம் வேண்டும். நம் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர். எச்.ஓ.வில் 24.5 சென்டிமீட்டர். இந்த வேலையில் பழகியவர்கள் சொல்லும் பொது விதி, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பது. அப்படியென்றால் 73.5 சென்டிமீட்டர் ஆரம். விட்டம் 147. என் பலகையின் அகலம் 122. ஆரத்தைக் குறைத்துத்தான் போட்டேன். ரயில் ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வளைவில் பெட்டியின் மூலை வெளியே துருத்திக்கொண்டு, பல்லி வாலைத் திருப்புவது போலத் திரும்பியது.

அதைவிடப் பெரிய தொல்லை, கை எட்டாதது. நின்ற இடத்திலிருந்து என் கை இரண்டரை அடிதான் சௌகரியமாகப் போகும். பலகை நாலடி. ரயில் எப்போதும் சுவரோரம்தான் தடம் புரளும், அது என்ன விதியோ. ஒவ்வொரு முறையும் கட்டில்மேல் ஏறி மண்டியிட்டுக் கையை நீட்டி எடுப்பேன். எடுத்துத் திரும்ப வைக்க வேண்டுமே. சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது வலது கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தண்டவாளத் துண்டை இணைக்கிற அந்தக் குட்டி உலோகக் கிளிப்பை விரலில் பிடித்தால் விரல்தான் தெரியும், கிளிப் தெரியாது.

ரூ. 23,000 செலவு. பேரன் முதல் நாள் இருபது சுற்றுப் பார்த்தான். இரண்டாம் நாள் ஐந்து. மூன்றாம் நாள், "தாத்தா, இது எங்கேயும் போகலையே, திரும்பத் திரும்ப வருது" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கட்டிலுக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டடிகூடச் சரியாக இல்லாத சந்து. ஒரு கார்த்திகை மாத ராத்திரி, மின்சாரம் போயிருந்தது. வீட்டம்மா பீரோவிலிருந்து போர்வை எடுக்க வந்தவர் பலகையின் முனையில் இடுப்பு இடித்து, தடுமாறி, கையை ஊன்றி விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரமும் சமையல் நான். சாம்பார் எப்படி இருந்தது என்பதை அவரே வந்து கமெண்டில் சொல்லுவார். கட்டுப் போட்ட மூன்றாம் நாள் பலகையைப் பிரித்துக் கொல்லையில் சாத்திவிட்டேன். எஞ்சினைக்கூட யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அட்டைப் பெட்டியில் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "ரயிலை ஏங்க விடறீங்க? பலகையை விடுங்க போதும்."

அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். எனக்கு அது மண்டையில் மாட்டிக்கொண்டது. பலகை இல்லாமல் ரயிலா? அப்படியானால் எனக்கு ரயிலில் என்னதான் வேண்டும்? அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டதே இல்லை.

உங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் நைனா (எல்லையோர ஊர் அல்லவா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அரக்கோணம் யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனதே, அது அரக்கோணம் வழியாகத்தான். பிறகு அங்கிருந்து வடமேற்காகத் திருத்தணி, ரேணிகுண்டா என்று பாதை பிரிந்து, 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. அது பிராட் கேஜ். செங்கல்பட்டு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த பாதை மீட்டர் கேஜ். இரண்டு அகலமும் சந்திக்கிற ஊர் அரக்கோணம். ஒரு தடத்து வேகன் இன்னொரு தடத்தில் ஓடாது. மூட்டையை இறக்கி அடுத்த வேகனில் ஏற்ற வேண்டும். அதற்கு எந்த வேகன் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதுதான் ஷண்டிங். அந்த மீட்டர் கேஜ் பக்கத்தில்தான் நைனாவுக்கு வேலை.

சின்ன வயதில் எனக்கு அந்த வேலைமேல் மதிப்பே கிடையாது. ஒரு எஞ்சின் முன்னே போகும், பின்னே வரும், நாலு வேகனை இழுக்கும், மறுபடி அதையே தள்ளும். நைனா கொடியைக் காட்டிக்கொண்டு கூடவே நடப்பார். விடிந்து வீட்டுக்கு வருவார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டால், "ஷண்டிங் முடியல" என்பார். என்ன முடியவில்லை? எட்டுப் பத்து வேகனை வரிசையில் நிறுத்த ஒரு ராத்திரியா? அம்மா அதை நம்பியதே இல்லை. நானும்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு, "எங்க அப்பா ரயில்வேயில்" என்று மட்டும் சொல்வேன். என்ன வேலை என்று சொல்லமாட்டேன்.

அந்த யார்டுதான் எனக்கு வேண்டும் என்று அந்த ஆறு வாரத்தில் புரிந்தது. முழு யார்டு அல்ல. அதன் ஒரு மூலை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எழுந்து ஓடாதீர்கள்.

மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே 1000 மில்லிமீட்டர். என் அட்டைப் பெட்டியில் கிடந்த எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் 1435 வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை. நம்முடைய பிராட் கேஜ் 1676, மீட்டர் கேஜ் 1000. எச்.ஓ. தண்டவாளத்தில் நம் ரயிலை 1:87-இல் விட்டால் இரண்டுக்குமே பொருந்தாது. ஆனால் அதே தண்டவாளத்தை வைத்துக்கொண்டு, மேலே ஓடுவதையும் பக்கத்தில் நிற்பதையும் 1:60 ஆகச் செய்தால்? 16.5-ஐ 60-ஆல் பெருக்குங்கள். 990. மீட்டர் கேஜுக்குப் பத்தே மில்லிமீட்டர் குறைவு! ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையோடு தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னேன். என்ன பதில் வந்தது என்பதை எழுத வேண்டாம்.

1:87-லிருந்து 1:60-க்கு வந்தால் நீளம் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை, 1.45 தான். பருமன் மூன்று மடங்கு. ஐந்தரை அடி ஆள் எச்.ஓ.வில் 19 மில்லிமீட்டர், இதில் 28. 19 மில்லியில் ஆள் ஒரு புள்ளி. 28-இல் கையில் கொடி இருப்பது தெரிகிறது. கதவின் தாழ்ப்பாள், வேகனில் எழுதிய எண், கேபின் ஜன்னலின் கம்பி எல்லாம் என் கண்ணுக்கு எட்டுகிற அளவில் வந்துவிட்டன. புரையை எடுத்தாகிவிட்டது என்றாலும் 66 வயதுக் கண் அல்லவா. விரலும் அப்படித்தான். இன்னும் பெரிதாகப் போகிறவர்களும் உண்டு. ஜெர்மன் எல்.ஜி.பி. ரயில்கள் 1:22.5, தண்டவாளம் 45 மில்லி. அதுவும் மீட்டர் கேஜ் கணக்குத்தான். தோட்டம் இருக்கிறவர்களுக்கு அது. எனக்கு இருப்பது துளசி மாடமும் ஒரு முருங்கை மரமும்.

சரி, பெரிய ரயிலுக்கு இடம்? இங்கேதான் ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயருக்கு நான் கைகூப்புகிறேன். அவர் செய்த ஒரு குட்டி லேஅவுட்டின் பெயர் இங்கிள்நுக். உலகம் முழுக்க, இடம் இல்லாதவர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். சுற்றுப்பாதை கிடையாது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. அந்தப் பக்கம் எஞ்சின் முன்னும் பின்னும் போய்வருகிற ஷண்டிங் நெக்கில் எஞ்சினும் மூன்று வேகனும்தான் கொள்ளும். அதற்குமேல் ஒரு வேகன்கூடக் கூடாது. மொத்தம் எட்டு வேகன். அதில் ஐந்தை, சீட்டுக் குலுக்கி வருகிற வரிசைப்படி நீளமான சைடிங்கில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

என் அளவைப் பாருங்கள். ஒரு வேகன் 11 சென்டிமீட்டர். எஞ்சின் 26. ஆக ஷண்டிங் நெக்குக்கு 26-உம் 33-உம் சேர்த்து 59. பாயிண்ட் ஒன்று 22. நீளமான சைடிங்குக்கு ஒரு பாயிண்டைத் தாண்டினால் போதும்: 59, 22, ஐந்து வேகனுக்கு 55, மொத்தம் 136. சின்ன சைடிங்குக்கு இரண்டு பாயிண்ட் தாண்ட வேண்டும்: 59, 44, மூன்று வேகனுக்கு 33, மொத்தம் 136. இரண்டும் ஒன்று! நான் திட்டமிட்டதல்ல, தானாக அமைந்தது. ஒரு பாயிண்டின் நீளமும் இரண்டு வேகனின் நீளமும் 22 ஆக இருப்பதால் வந்த அதிர்ஷ்டம். இதோடு, ஃபவுலிங் மார்க் என்று இரண்டு தடம் சேரும் இடத்தில் ஒரு கல் நட்டிருப்பார்களே, அதைத் தாண்டி வேகன் நின்றால் பக்கத்துத் தடத்தில் வருவது இடித்துவிடும், அதற்கும் முனையிலுள்ள முட்டுக்கட்டைக்கும் 16 சென்டிமீட்டர் விட்டேன். 152. ஐந்தடி.

ஐந்தடி நீளம், ஓரடி அகலம். சுவரில் நாலு எல் ஆங்கிள் அடித்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மாட்டியாயிற்று. கீழே தையல் மெஷின் அதன் இடத்திலேயே இருக்கிறது. யார் இடுப்பும் இடிக்காது. எல்லாம் கைக்கு எட்டும். நின்று பார்த்தால் வேகன் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தெரியும். நைனா தரையில் நின்று பார்த்த பார்வை அது. முன்பு நான் செய்ததை விமானத்திலிருந்து பார்ப்பதுபோல் மேலிருந்து பார்த்தேன். எந்த ரயில்வேக்காரனும் ரயிலை அப்படிப் பார்த்ததில்லை.

எஞ்சினுக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பெட்டியில் கிடந்தது ஆறு அச்சு அமெரிக்க டீசல். மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின்மேல் அட்டையில் ஒய்.டி.எம்.4 செய்து மாட்டினேன். நிஜத்தில் அதுவும் ஆறு அச்சுதான், அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்புதான், அதனால் பாவமில்லை. நைனா ஓய்வு பெறும்போது நீராவி போய் டீசல் வந்திருந்தது. வேகன்கள் முழுக்க சார்ட் அட்டை, ஃபெவிக்கால், அக்ரிலிக் பெயிண்ட். சக்கரம் மட்டும் பழையவை. இரண்டாவது முயற்சிக்கு ஆன செலவு நாலாயிரத்தைத் தாண்டவில்லை. மாதிரி ரயில் பணக்காரர் பொழுதுபோக்கு என்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். காசு தின்பது வட்டமடிக்கிற ஆசைதான். மீட்டர்க்கணக்கில் தண்டவாளம், பத்துப் பெட்டி, நாலு எஞ்சின், மலை, பாலம்.

இனி அந்த ஷண்டிங் விஷயம். எட்டு வேகனில் ஐந்தை வரிசையாக நிறுத்த எத்தனை விதம் இருக்கிறது? முதல் இடத்துக்கு 8 பேர் போட்டி, அடுத்ததற்கு 7, பிறகு 6, 5, 4. பெருக்கினால் 6720. நாளுக்கு ஒரு வரிசை என்று ஆடினாலும் 18 வருடத்துக்கு மேல் ஓடும். எனக்கு 84 வயது வரைக்கும் வேலை இருக்கிறது.

முதல் தடவை ஆடியபோது ஒரு வரிசையை முடிக்க எனக்கு 50 நிமிடம் ஆனது. மூன்றாவது வேகன் முதலில் வேண்டும். அதை எடுக்க முன்னால் நிற்கிற இரண்டை எங்காவது வைக்க வேண்டும். வைக்கிற இடத்தில் ஏற்கெனவே இரண்டு நிற்கிறது, ஒன்றுக்குத்தான் இடம். அதை எடுத்து இங்கே போட்டால் இது அடைபடுகிறது. நெக்கில் மூன்றுக்குமேல் போகாது. வேர்த்துவிட்டது. நடுவில் வீட்டம்மா வந்து, "சாப்பிட வரலையா, என்ன பண்றீங்க இவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

"ஷண்டிங் முடியல" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. சிறிது நேரம் அங்கேயே நின்றேன். நைனாவுக்கு எட்டு வேகன் அல்ல. மழை, இருட்டு, கையில் ஒரு விளக்கு. தடம் அடைபட்டால் சிரித்துக்கொண்டு கையால் வேகனைத் தூக்கி வைக்க முடியாது. ஒவ்வொரு வேகனும் பல டன். அவர் எந்தக் காகிதத்திலும் கணக்குப் போட்டதில்லை. கணக்கு வாத்தியார் மகன் ஒருத்தன் வீட்டிலேயே இருந்தான், அவனிடமும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை.

மாணவர்களே, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபட அளவுகோல் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "சார், ஒண்ணுக்கு ஐம்பதாயிரம்னா எவ்ளோ பெருசு சார்?" என்று கேட்டான். 1:50000 என்பதன் விளக்கத்தைப் பலகையில் மறுபடி எழுதிக் காட்டி, "இதுதான். உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். அவன் கேட்டது அதை அல்ல. கண்ணுக்கு, கைக்கு எவ்வளவு என்று கேட்டான். ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தால் காட்டியிருக்கலாம். 34 வருடத்தில் விகிதத்தை எந்தப் பிள்ளையின் கையிலும் நான் கொடுக்கவில்லை, கரும்பலகையில்தான் கொடுத்தேன். அவன் இந்தப் பதிவைப் படிக்கிறானா தெரியவில்லை. படித்தால் வீட்டுக்கு வா, 1:60 எவ்வளவு பெரிசு என்று பார்க்கலாம்.

என் கட்சிக்கு எதிராகவும் நியாயம் உண்டு. ரயில்வேயில் வேலை பார்க்கிற பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "சார், ரயில் ஓடணும் சார். 24 பெட்டி மலையைச் சுற்றி வருகிற அழகு வேற" என்றார். உண்மைதான். அந்த அழகுதான் வேண்டும் என்றால் 'என்' ஸ்கேல்தான் சரி. அதில் ஐ.சி.எஃப். பெட்டி 13 சென்டிமீட்டர்தான் வரும். கண்ணும் விரலும் உங்களுக்கு இளசாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். என் சின்னப் பேத்தியும் அவர் கட்சி. அவளுக்கு நாலு வயது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "தாத்தா, ரயிலு எப்ப கிளம்பும்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் ரயில் கிளம்புவதே இல்லை, கிளம்புவதற்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் முன்பு செல்போனை எடுத்துக்கொண்டு போன பேரன் இப்போது லீவுக்கு வந்தால் நேரே அந்த அறைக்குத்தான் போகிறான். எட்டு வேகனுக்கும் எட்டுப் பெயர் வைத்திருக்கிறான். அவனும் பாட்டியும் போட்டி போடுகிறார்கள். பாட்டிதான் ஹார்லிக்ஸ் மூடியில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார். முறிந்து சேர்ந்த கை என்பதால் இடது கையில் ஸ்விட்சைப் பிடிப்பது நல்ல பயிற்சி என்று ஆரம்பித்தவர், போன பொங்கலுக்கு 17 நிமிடத்தில் முடித்தார். என்னுடைய சிறந்த நேரம் 22 நிமிடம். நான் யோசித்துக்கொண்டே நிற்கிறேனாம். "தேவையில்லாததை முதல்ல தூரமா தள்ளுங்க, அப்புறம் யோசிங்க" என்கிறார். சமையல்கட்டுப் பழக்கம் போலிருக்கிறது.

ஆக மைத்துனருக்குப் பதில் இதுதான்: மாமா, சின்னதாக வாங்கியிருந்தால் இடம் அதிகம் தின்றிருக்கும். வாங்கித்தான் பார்த்தேனே.

ஒரு உதவி வேண்டும். லேஅவுட்டில் இப்போது கேபின் கட்டிக்கொண்டிருக்கிறேன், யார்டை மேலிருந்து பார்க்கிற அந்த மாடி அறை. 1992-இல் யூனிகேஜ் திட்டம் தொடங்கிய பிறகு மீட்டர் கேஜ் ஒவ்வொன்றாகப் போய், இன்று தமிழ்நாட்டில் நீலகிரி மலை ரயில் மட்டும்தான் மிச்சம். அரக்கோணம் மீட்டர் கேஜ் யார்டின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நைனா வேலையில் இருந்தபோது எடுத்த ஒரே படம் சட்டைப்பை வரைக்கும்தான் இருக்கிறது. உங்களில் அரக்கோணத்துக்காரர்கள் நிறைய பேர். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது யார்டில் இருந்திருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்: காஞ்சிபுரம் பக்கத்துக் கேபினுக்குப் படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்தது? கிழக்கா, மேற்கா? எனக்குக் கிழக்கு என்று ஞாபகம். நைனாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும். ஆனால் அப்போது எனக்கு ஏழு வயது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தெரிகிற வரைக்கும் படிக்கட்டை ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.